பாதி செபமாலை

நரம்பைச் சுற்றியிருக்கிற உறை
உரிந்துகொண்டு போகிறது என்றார் டொக்டர்.
தனிஸ்லாஸ், நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய்.
பதினெட்டு வருஷம் மின்சார சபையில்
கம்பம் கம்பமாய் ஏறியவன்.
உறை போன வயர் என்ன செய்யும் என்று
உனக்கா சொல்லித் தர வேண்டும்?

திங்கட்கிழமை உள்ளங்காலில் எறும்பு ஊருது என்றாய்.
புதன், உவர்மலை ஏற்றத்தில் சைக்கிளோடு சரிந்தாய்.
வெள்ளி, தண்ணீர் கடைவாயால் வழிந்தது.
சனி இரவு
ஒரு குழாய் உனக்காக மூச்சுவிடத் தொடங்கியது.

வெளியே வாங்கில் நான்.
மதிலுக்கு அந்தப் பக்கம் கடல்.
ஆஸ்பத்திரி வாசலில் ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த மருந்துத் துண்டை மென்றது.
இந்த ஊர் மான்களுக்குக் காகிதமும் இலைதான்.
எனக்கு அந்த நாட்களில்
செபம் காகிதமாய் இருந்தது.
மென்றேன். சாறு இல்லை.

வீட்டில் செபமாலை என்றால்
முன்பாதி நான், பின்பாதி நீ.
இருபத்தொரு வருஷமாய் அப்படித்தான்.
நடுவில் தூங்கி விழுவாய்.
முழங்கையால் இடிப்பேன்.
விட்ட மணியிலிருந்து தொடங்குவாய்,
மீற்றர் வாசிக்கிற குரலில்.

உள்ளே விட்ட பத்து நிமிஷத்தில்
அருள் நிறைந்த மரியே சொல்லி
என் பாதியோடு நின்றேன்.
மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை,
அது உன்னுடையது.
மெஷின் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.
பன்னிரண்டு நாள்
பாதி பாதியாய் வைத்துவிட்டு வந்தேன்.
மாதாவே, அரைச் செபம் எங்கே போய்ச் சேரும்?

ஏழாம் கட்டில் ஜுனைதீன், கிண்ணியாக்காரர்.
அவர் மனைவி ஹஸீனாவுக்கும் எனக்கும் ஒரே வாங்கு.
அவள் தஸ்பீஹ் உருட்டுவாள், நான் செபமாலை.
ஒருநாள் அவளுடையது அறுந்து சிதறியது.
இரண்டு பேரும் வாங்குக்குக் கீழே தவழ்ந்தோம்.
எண்ணினாள். ஒன்று குறைவு.
மறுபடி தவழ்ந்தோம்.
மிஸ்ஸி வந்து ஏசினா, அதற்கும் சிரித்தோம்.
அந்த மாதம் சிரித்தது அது ஒன்றுதான்.

பதின்மூன்றாம் நாள்
என் பாதியில் நிறுத்தினேன்.
உன் இடது இமை மூடித் திறந்தது.
தற்செயல் என்று நினைத்தேன்.
அடுத்த மணி.
மூடித் திறந்தது.
நாலாவதில் எண்ணிக்கையை விட்டது நான்தான்.
நீ பொறுத்திருந்தாய்.

அன்றிரவே
ஏழாம் கட்டிலின் விரிப்பை மாற்றினார்கள்.
"உங்கட அவர் கண் சிமிட்டினவராமே, அல்ஹம்துலில்லாஹ்"
என்றாள் ஹஸீனா, அந்த நேரத்திலும்.
நான் என்ன சொன்னேன்
ஞாபகமில்லை.

ஆண்டவரே,
நன்றி சொல்ல வாய் திறந்தால்
ஏழு என்ற எண் வந்து நாக்கில் நிற்கிறது.
அங்கே எடுத்து இங்கே கொடுத்தீர் என்று
நான் நம்பவில்லை.
நம்பினால் உம்மோடு கதைத்திருக்கவே மாட்டேன்.
பின்னே எப்படி என்று கேட்டால்
அதுவும் தெரியாது.
தெரியாதவளின் நன்றி இது. எடுத்துக்கொள்ளும்.

பாலையூற்றுக் கோயிலில் நன்றிப் பூசைக்கு
இரண்டு பேர் எழுதச் சொன்னேன்.
இரண்டாவது பெயரைக் கேட்டதும்
சங்கிலித்தாம் பேனையை நிறுத்தி நிமிர்ந்தார்.
"எழுதுங்கோ" என்றேன்.
எழுதினார், எழுத்துப் பிழையோடு.

குழாய் போட்ட தொண்டை இன்னும் கரகரக்கிறது உனக்கு.
பின்பாதி சொல்லும்போது
நடுவில் தூங்கிப்போகிறாய்.
இடிப்பதில்லை.
மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

நேற்றுக் கைப்பையைக் கழுவக் கவிழ்த்தேன்.
தையல் பிரிந்த மூலையிலிருந்து
பச்சை மணி ஒன்று உருண்டது.
கிண்ணியாப் பாலம் கடந்து
கொடுத்துவிட்டு வர வேண்டும்.

அறைக்குள் நீ
சேர்ட்டின் மூன்றாவது பொத்தானோடு
மல்லுக்கட்டுகிறாய்.
உதவிக்கு வராதே என்கிறாய்.
வரவில்லை.
இந்த பஸ் போனால் அடுத்தது வரும்.